எலி விழுந்த வீடு

கோவை நகரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள மாரியம்மன் கோயில்களுள் சிலவற்றின் பெயரைப் படிக்கும் வெளியூர் அன்பர் சற்று நின்று வியப்பதுண்டு. ‘பிளேக் மாரியம்மன்’ என்பது அக்கோயில்களின் பெயர். அம்மை நோயோடு மாரியம்மனைச் சேர்த்து எண்ணுவது தமிழகம் எங்கும் உள்ள வழக்கமே. ஆயினும் அயல்மொழி நோய்ப்பெயர் ஒன்றை அம்மனுக்கே அடைமொழியாக்கி, நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மறவாமல் போற்றி வரும் ஊர் எவ்வளவு அஞ்சியிருக்க வேண்டும்! 2021-ஆம் ஆண்டு மே மாதம், கொரோனாத் தொற்றின் இரண்டாம் அலையின்போது, கோவையை அடுத்த இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் ‘கொரோனா தேவி’ என்னும் சிலை வைத்து வழிபாடு நடந்ததை அன்பர்கள் நாளேடுகளில் படித்திருப்பார்கள். அதற்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டவள் இந்தப் பிளேக் மாரியம்மனே.

பிறர் வழிபாட்டை எடைபோடுவது நம் நோக்கமன்று. கொள்ளைநோய்க் காலங்களில் அம்பு பாய்ந்த புனித செபஸ்தியாரின் திருவுருவத்தைத் தெருத்தெருவாகச் சுமந்து சென்ற மரபு நமக்கும் உண்டு. அச்சம் வந்தபோது மனிதர் எல்லாரும் மண்டியிட்டே இருக்கிறார்கள். அச்சம் மற்றொன்றையும் செய்திருக்கிறது. குற்றவாளியைத் தேடி அலைந்திருக்கிறது. கொங்கு நாட்டில் பிளேக் பரவிய வரலாற்றை நாம் இங்கு எடுத்துப் பேசுவதன் காரணம் அதுவே.

ஒரு மூதாட்டியின் கேள்வி

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, குருத்துவப் பணியின் தொடக்கத்தில், தாராபுரம் பக்கத்து மானாவாரிச் சிற்றூர் ஒன்றுக்கு நோயாளிகளைச் சந்திக்கச் செல்வது நம் வழக்கமாயிருந்தது. அங்கே தொண்ணூறு வயதை எட்டிய மூதாட்டி ஒருவர் இருந்தார். நினைவு மட்டும் மங்காதவர். ஒரு நாள் நற்கருணை பெற்ற பின், கேட்காமலே தம் சிறுவயதுக் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினார்.

“எலி உழுந்துருச்சுன்னா அந்த ஊட்டுல இருக்கக் கூடாதுங்க சாமி. எங்க ஊட்டு அட்டாலில ரெண்டு எலி செத்துக் கெடந்துச்சு. அன்னைக்கே எல்லாரும் தோட்டத்துச் சாளைக்குப் போயிட்டோமுங்க” என்றார்.

பதினைந்து நாட்கள் அந்தச் சாளையிலேயே கிடந்தார்களாம். கையோடு கொண்டு போன சோளம் தீர்ந்தது. வீட்டில் தொம்பை நிறையத் தானியம் இருந்தது. தாய் பதினான்கு வயது மூத்த மகளை அனுப்பி, ஒரு கூடைச் சோளம் எடுத்து வரச் சொன்னார். அவளும் போனாள், அள்ளினாள், வந்தாள். நான்காம் நாள் காய்ச்சல் கண்டது. தொடை இடுக்கில் நெறி கட்டியது. அந்த வாரம் முடியுமுன் அவளைத் தோட்டத்து ஓரத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

“எங்கம்மா சாகிற மட்டும் ‘நாந்தான் புள்ளைய அனுப்பிக் கொன்னுட்டேன்’னு அழுதுட்டே இருந்தாங்க. போகக் கூடாதுன்னு ஊரே சொன்னதை மீறிப் போட்டாங்களாம். அது பாவமுங்களா சாமி?” என்று கேட்டார்.

இறைவன் இரக்கமுள்ளவர் என்று சொல்லித் தேற்றினோம். சொன்னது உண்மையே. ஆனால் அது அவர் கேட்ட கேள்விக்கு விடையாகவில்லை என்பதை வீடு திரும்பும் வழியிலேயே உணர்ந்தோம். இரக்கத்தைப் பற்றிப் பேசியதன் மூலம், அந்தத் தாய் குற்றம் செய்ததாகவே நாம் ஒப்புக்கொண்டதாயிற்று. அந்த வீட்டினுள் உண்மையில் நடந்தது என்ன என்று அன்று நமக்குத் தெரியாது. பின்னர்ப் பல ஆண்டுகளாகப் படித்துத் தெரிந்துகொண்டதை ஈண்டு அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நோய் வந்த வழி

1894-இல் ஹாங்காங் நகரில் பிளேக் பரவியபோது, அலெக்சாந்தர் யெர்சின் என்னும் மருத்துவர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் கப்பலேறி வந்து, 1896-இல் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கியது. அங்கிருந்து இருப்புப் பாதை வழியே நாட்டினுள் நுழைந்து, 1898 ஆகஸ்டில் பெங்களூரை எட்டியது. பெங்களூரிலிருந்து சோலார்பேட்டைக்கும், அங்கிருந்து சேலம், ஈரோடு, போத்தனூருக்கும் அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இரயில் ஓடிக்கொண்டிருந்தது. மலைப்பாதை வழியாகவும் மைசூர் சீமையோடு நமக்குத் தொடர்பு இருந்தது. இன்று கர்நாடகத்தில் உள்ள கொள்ளேகால் வட்டம் 1956 வரையில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியே ஆகும். கணவாய் வழியாகத் தானிய வண்டிகள் இரு புறமும் போய்வந்தன. வண்டியில் மூட்டை வந்தது. மூட்டையில் எலி வந்தது. எலியின் மேனியில் தெள்ளுப்பூச்சி வந்தது.

சென்னை மாகாணத்தில் இந்நோயால் மிகுதியும் வாடியவை மைசூரை ஒட்டிய உள்நாட்டு மாவட்டங்களே. பெல்லாரி, சேலம், கோயம்புத்தூர் ஆகியவை அவற்றுள் அடங்கும். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் கோவையில் பிளேக்கினால் மாண்டோர் தொகை 20,000-க்கு அருகில் என்று நகரின் வரலாறு கூறுகிறது. இந்தியா முழுவதிலும் 1907-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 13 இலட்சம் பேர் மாண்டனர். நோய் தணிவதற்குள் போன உயிர்கள் ஒரு கோடியைத் தாண்டின.

யாரைக் குற்றம் சொல்வது?

அரசு வாளாவிருக்கவில்லை. 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் ஒன்றை இயற்றியது. அச்சட்டத்தின் துணையோடு அதிகாரிகள் வீடு புகுந்தனர், நோயாளியைப் பிரித்தனர், உடைமைகளை எரித்தனர், கூரையைப் பிரித்து வெயில் விட்டனர். புனே நகரில் படைவீரர்களைக் கொண்டு நடத்திய சோதனை மக்களைக் கொதிக்கச் செய்தது. 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ரேண்ட் என்பவரைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டு வீழ்த்தினார்கள். அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு ஒரே விளக்கந்தான் இருந்தது: அழுக்கு. அழுக்கில் வாழ்பவன் நோயைப் பரப்புகிறான். அவனைத் தூய்மைப்படுத்த வேண்டும். மறுத்தால் தண்டிக்க வேண்டும். மக்களுக்கோ வேறொரு விளக்கம் இருந்தது: தெய்வக் குற்றம். இரண்டு விளக்கங்களும் மனிதனையே கூண்டில் நிறுத்தின என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும்.

அதே வேளையில், 1898 ஜூன் மாதத்தில், கராச்சி நகரின் ஒரு விடுதி அறையில் பால்-லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஒரு சோதனையைச் செய்துகொண்டிருந்தார். தெள்ளுப்பூச்சிகள் நிறைந்த, நோயுற்ற எலி ஒன்றை ஒரு கண்ணாடிக் கலத்தில் இட்டார். நலமான மற்றோர் எலியைச் சிறு கூண்டில் வைத்து அக்கலத்தினுள் தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றை ஒன்று தொடவில்லை. முதல் எலி இறந்தது. சில நாட்களில் கூண்டிலிருந்த எலியும் பிளேக் கண்டு இறந்தது. செத்துக் குளிர்ந்த எலியை விட்டுக் குதித்த தெள்ளுப்பூச்சியே நோயைக் கொண்டு சென்றது என்று அவர் அறிவித்தார். அரசு அமைத்த முதல் பிளேக் ஆணையம் அவருடைய சான்றுகள் போதா என்று அதைத் தள்ளிவிட்டது.

1905-இல் பம்பாயில் புதிய ஆய்வுக் குழு ஒன்று பணி தொடங்கிய பின்னரே உண்மை நிலைபெற்றது. பிளேக் கண்ட வீடுகளில் கினிப்பன்றிகளைக் கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். தரையை ஒட்டி வைத்தவை நோயுற்றன. தெள்ளுப்பூச்சி தாவி எட்ட இயலாத உயரத்தில் தொங்கவிட்டவை பிழைத்தன. காற்று ஒன்றே, வீடு ஒன்றே. இரண்டடி உயரத்தில் சாவும் வாழ்வும் பிரிந்தன.

எலி விழுந்தால் ஊரை விட்டுப் போ என்று நம் ஊர் மக்கள் தம் பட்டறிவால் கண்டுகொண்டது, ஆணையம் தள்ளிய உண்மையின் ஒரு பாதி என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் பெலிஸ்தியர் தங்களை வாட்டிய கட்டிகளுக்குப் பரிகாரமாகப் பொன்னால் ஐந்து கட்டிகளையும் ஐந்து எலிகளையும் செய்து அனுப்பியதாகச் சாமுவேல் முதல் நூலில் படிக்கிறோம். அது பிளேக்தானா என்பதை அறுதியிட்டுக் கூற இயலாது. ஆயினும் கட்டியையும் எலியையும் இணைத்துப் பார்த்த கண் மிகப் பழமையானது.

சென்னை தப்பியது எப்படி?

இப்போது முக்கியமான ஒரு கேள்விக்கு வருகிறோம். அழுக்கும் நெருக்கமுமே காரணம் என்றால், கோவையைவிட முன்னதாக அழிந்திருக்க வேண்டியது சென்னை நகரமன்றோ? அங்கே துறைமுகம் இருந்தது. பம்பாயோடு வாணிகம் இருந்தது. குடிசைகளும் சாக்கடைகளும் எலிகளும் குறைவின்றி இருந்தன. ஆயினும் சென்னை நகரில் பிளேக் பெரிதாக வேர்கொள்ளவே இல்லை.

இந்தப் புதிருக்கு விடை ஒரு கடுகளவு பூச்சியில் இருந்தது. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி ஓரினம் அன்று. சீயோபிஸ் என்னும் இனம் பிளேக்கை எளிதில் பரப்பும். அதற்கு நெருங்கிய உறவான ஆஸ்டியா என்னும் இனம் அவ்வளவு எளிதில் பரப்பாது. கொழும்பு நகரில் 1914-இல் பிளேக் நுழைந்தபோது, அங்கே பணியாற்றிய ஃபேபியன் ஹர்ஸ்ட் என்னும் மருத்துவர் இந்த வேற்றுமையை உணர்ந்து எழுதினார். பின்னர்ச் சென்னை கிண்டியில் உள்ள கிங் நிலையத்தைச் சேர்ந்த எச். எச். கிங், சி. ஜி. பண்டிட் ஆகிய இருவரும் மாகாணம் முழுவதும் எடுக்கப்பட்ட எலித் தெள்ளுக் கணக்கெடுப்பின் சுருக்கத்தை 1931-இல் வெளியிட்டார்கள். இந்தப் பண்டிட் அவர்களே பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர். பூச்சியினத்துக்கும் தட்பவெப்பத்துக்கும் பிளேக்குக்கும் உள்ள தொடர்பை அந்தக் கட்டுரை ஆராய்ந்தது. வெப்பம் மிகுந்த கடற்கரைச் சமவெளியில் ஆஸ்டியாவே மிகுதி. குளிர்ச்சி சற்றுக் கூடிய உள்நாட்டு மேட்டு நிலத்தில் சீயோபிஸ் இனம் மிகுதி. பிளேக் பரவிய வரைபடம் ஏறத்தாழ அந்தப் பூச்சியின் வரைபடமாகவே இருந்தது.

கோவை மேட்டு நிலத்தைச் சேர்ந்தது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்கே மலைத்தொடர் பிளந்து நிற்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக் காற்று உள்ளே வருகிறது. மழையை மலைக்கு அப்பால் கொட்டிவிட்டு, குளிர்ச்சியையும் ஈரப்பதத்தையும் நமக்கு எஞ்ச விடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நிலத்தை நனைக்கிறது. ‘கோயமுத்தூர்க் காற்று’ என்று ஊரார் பெருமை பேசும் இதமான தட்பவெப்பம் இதுவே. நமக்கு இதமானது தெள்ளுப்பூச்சிக்கும் இதமாயிருந்தது என்பதே அக்காலத்தின் அவலம்.

இதன் காரணத்தையும் அறிவியலார் விளக்கியுள்ளனர். தெள்ளுப்பூச்சியின் முட்டை எலியின் மேனியிலிருந்து உதிர்ந்து வளையிலும் தரைப்புழுதியிலும் விழுகிறது. அதிலிருந்து வரும் புழு தவிட்டையும் தூசியையும் தின்று வளர்கிறது. வறண்ட வெப்பத்தில் அது காய்ந்து சாகும். ஈரப்பதம் இருந்தால் பிழைக்கும். இது ஒரு காரணம். மற்றொன்றை 1914-இல் பேக்காட், மார்ட்டின் ஆகிய இருவரும் கண்டறிந்தார்கள். நோயுற்ற எலியின் இரத்தத்தைக் குடித்த பூச்சியின் வயிற்று வாயிலில் கிருமிகள் பெருகி அடைப்பாகத் திரள்கின்றன. அடைபட்ட பூச்சிக்குக் குடித்த இரத்தம் உள்ளே இறங்காது. பசி தீராமல் அது மீண்டும் மீண்டும் கடிக்கும். ஒவ்வொரு கடியிலும் கிருமியைக் கடிவாயில் உமிழும். வெப்பம் 27, 28 பாகை செல்சியசைத் தாண்டும்போது இந்த அடைப்பு நிலைப்பது அரிது. காற்றும் வறண்டால் பூச்சியின் வாழ்நாளே குறுகும். ஆகவேதான் மழைக்குப் பின்வரும் குளிர்ந்த மாதங்களில் நோய் பெருகியது. பங்குனி, சித்திரை வெயிலில் அடங்கியது. சித்திரையில் நடந்த பொங்கலும் நேர்த்திக்கடனும் நோயைத் தணித்தன என்று மக்கள் நம்பியதில் வியப்பில்லை. விழாவும் வெயிலும் ஒன்றாகவே வந்தன.

தட்பவெப்பம் மட்டும் போதாது. எலிக்கு உணவும் உறைவிடமும் வேண்டும். அவற்றையும் நம் நிலமும் தொழிலும் தந்தன. கரிசல் மண் பருத்தி விளைத்தது. மானாவாரிக் காடுகள் சோளமும் கம்பும் விளைத்தன. மழை பொய்க்கும் நாட்டில் விவசாயி தானியத்தை வீட்டிலேயே சேர்த்து வைப்பான். வைக்காதவன் பட்டினி கிடப்பான். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தைக் கண்ட தலைமுறை அது. அது தொம்பையிலும் குதிரிலும் அட்டாலியிலும் தானியத்தை நிறைத்தது பேராசையால் அன்று. கால்நடைக்கெனப் பருத்திக் கொட்டையும் வீட்டு மூலையில் குவிந்திருந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலை தொடங்கியதிலிருந்து நகரில் பஞ்சுக் கிடங்குகளும் பெருகின. மண்சுவர், மண்தரை, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையே இருண்ட இடுக்கு, எட்டும் தூரத்தில் தானியம் என்று வீட்டெலிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பஞ்சத்துக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடே பிளேக்குக்குக் கதவு திறந்தது.

மேற்குத் தொடரின் அடிவாரத்தில், இன்றைய தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலும் இந்நோய் ஆண்டுதோறும் திரும்பி வந்தது. ஜார்ஜ், வெப்ஸ்டர் என்னும் ஆய்வாளர் இருவர் அங்கே தங்கி ஆராய்ந்து 1934-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். மலையின் குளிர்ச்சியும் தானியப் போக்குவரத்தும் எங்கே சந்தித்தனவோ அங்கே நோய் தங்கியது.

ஒப்பிட்டுப் பார்த்தவர்

‘அங்கே உண்டா, இங்கே இல்லையா’ என்று ஒப்பிட்டுக் கேட்பதால் மனித உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1348-இல் ஐரோப்பாவைப் பிளேக் அழித்தபோது, யூதர்கள் கிணற்றில் நஞ்சிட்டார்கள் என்ற புரளி கிளம்பியது. கிறிஸ்தவர்களே யூதர்களைக் கொன்று குவித்தார்கள். 1349 பிப்ரவரியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யூதர்கள் பெருந்திரளாக எரித்துக் கொல்லப்பட்டது திருச்சபை வரலாற்றில் துடைக்க இயலாத கறை. அதற்கு முன்னரே திருத்தந்தை ஆறாம் கிளமெந்து யூதர்களைக் காக்கும்படி 1348-இல் ஆணை மடல்கள் விடுத்திருந்தார். அவர் காட்டிய காரணம் எளியது. யூதர்களும் இதே நோயால் மடிகிறார்கள். யூதர் எவரும் வாழாத நாடுகளிலும் நோய் பரவியிருக்கிறது. அப்படியிருக்க அவர்கள் காரணம் ஆவதெப்படி? தெள்ளுப்பூச்சியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் குற்றம் சாட்டுமுன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. மக்கள் அதற்குச் செவிசாய்க்கவில்லை.

நகரம் மாறியது

கோவையும் பாடம் கற்றது. பெரிய கடை வீதியையும் கோட்டைமேட்டையும் சுற்றி நெருங்கிக் கிடந்த ஊர், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேற்கு நோக்கி விரிந்தது. நகராட்சித் தலைவராயிருந்த சி. எஸ். இரத்தினசபாபதி முதலியார் பெயரால் விளங்கும் ஆர். எஸ். புரத்தின் அகன்ற நேர்த்தெருக்கள் அக்காலத்தவை. நகர வளர்ச்சிக்குப் பிளேக் ஒன்றே காரணம் அன்று. ஆனால் காற்றும் வெளிச்சமும் புகும் வீடு வேண்டும் என்ற எண்ணத்தை அந்த ஆண்டுகள் ஆழமாக விதைத்தன. 1920-களின் இறுதியில் சிறுவாணி நீரும் வந்தது. இந்த இரண்டையும் சேர்த்து, ‘சிறுவாணி வந்தது, பிளேக் போனது’ என்று சொல்வாரும் உண்டு. நல்ல நீர் தடுத்தது காலராவை. பிளேக் நீரால் பரவும் நோய் அன்று. எதை எது தீர்த்தது என்பதில் தெளிவு வேண்டும். இல்லையேல் அடுத்த முறை தவறான கதவைப் பூட்டுவோம்.

புதிய மனைகளை வாங்கியோர் வசதி படைத்தோரே. ஆலையில் கூலி வேலை செய்தோரும் தெருக் கூட்டியோரும் நெருக்கமான வரிசை வீடுகளிலும் குடிசைகளிலும் தங்கினர். நோயை உண்டாக்கும் சூழலை விட்டு விலகுவதற்கும் பணம் தேவைப்பட்டது. தங்கியோரையே ‘அழுக்கானவர்கள்’ என்று ஏசவும் ஊர் தயங்கவில்லை.

1940-களுக்குப் பின் டி.டி.டி. மருந்தும், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளும் வந்தன. மலேரியாக் கொசுவுக்கென வீட்டுச் சுவர்களில் தெளித்த டி.டி.டி. தெள்ளுப்பூச்சியையும் அழித்தது. 1966-இல் கர்நாடகத்தின் முல்பாகல் பகுதியில் கண்ட நோயாளிகளுக்குப் பின், பல ஆண்டுகள் இந்தியாவில் மனிதருக்குப் பிளேக் வந்ததாகச் செய்தி இல்லை.

ஆயினும் 1994-இல் அது திரும்பியது. சூரத் நகரின் பீதியை நம்மில் பலர் நினைவில் வைத்திருப்போம். அதற்குச் சற்று முன்பு மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நெறி கட்டும் பிளேக் தோன்றியிருந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று இலாத்தூர்ப் பகுதியில் நேர்ந்த நிலநடுக்கத்துக்குப் பின், மக்கள் வீடுகளை விட்டு வெளியே தங்கினார்கள். விளைந்த தானியத்தை அந்த ஆளில்லா வீடுகளில் சேர்த்து வைத்தார்கள். அங்கே எலிகள் பெருகியதே நோய்க்கு வழிகோலியது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இதைப் படித்த அன்று நமக்குத் தாராபுரத்து மூதாட்டியின் வீடு நினைவுக்கு வந்தது.

இன்றும் தமிழகம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் கூடும் ஓசூர், கோலார்ப் பகுதி பழைய பிளேக் நிலமாகக் கருதப்படுகிறது. காட்டு வெள்ளெலிகளிடையே அக்கிருமி மறைந்து வாழக்கூடும் என்பதால், பெங்களூரில் உள்ள மத்திய அரசின் பிரிவு ஒன்று அங்கே எலிகளைப் பிடித்து ஆராய்ந்து வந்துள்ளது. எலித் தெள்ளினால் வரும் மற்றொரு நோயாகிய டைஃபஸ் காய்ச்சலும் நம் நாட்டில் உண்டு. அது கடியால் பரவுவதைவிட, பூச்சியின் கழிவைச் சொறிந்து தேய்ப்பதால் பரவுகிறது. உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் தீரும். குப்பை மேடும் தானியக் கிடங்கும் குடியிருப்பும் ஒட்டி நிற்கும் இடத்தில் எலி பெருகும் என்ற விதி மட்டும் மாறவே இல்லை.

மூதாட்டிக்கு விடை

மூதாட்டியின் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். எலிகள் செத்து விழுந்த வீட்டில் என்ன நடந்தது? எலிகளின் உடல் குளிர்ந்தது. தெள்ளுப்பூச்சிகள் அவற்றை விட்டு இறங்கித் தரைப்புழுதியில் காத்திருந்தன. மனிதரும் இல்லை, எலியும் இல்லை. குளிர்ந்த, ஈரம் கசிந்த அந்த மாதத்தில் அவை சாகாமல் பசியோடு கிடந்தன. பதினைந்து நாட்களுக்குப் பின் முதலில் உள்ளே வைத்த வெறுங்கால் அந்தச் சிறுமியுடையது. தெள்ளுப்பூச்சி எட்டுவது காலைத்தான். ஆகவேதான் நெறி தொடை இடுக்கில் கட்டியது.

எலி விழுந்தால் வெளியேற வேண்டும் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. ஆளற்ற வீடு ஆளிருந்த வீட்டைவிடக் கொடியது என்பதைக் காரணத்தோடு எடுத்துச் சொல்ல அங்கே எவரும் இல்லை. அதை அறிந்த மருத்துவர்களின் அறிக்கைகள் அச்சாகிக்கொண்டிருந்தன. அவை தாராபுரத்துச் சாளைக்கு வந்து சேரவில்லை. தாயின் முன் இருந்தவை இரண்டே: பசித்த பிள்ளைகள், நிறைந்த தொம்பை. அவர் தேர்ந்தது பாவம் அன்று. எந்தத் தாயும் அதையே தேர்ந்திருப்பார்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் அல்ல என்று ஆண்டவர் மறுத்ததை யோவான் நற்செய்தியில் படிக்கிறோம். குருமடத்தில் அப்பகுதியைப் பலமுறை கற்றிருந்தோம். ஆனால் தேவைப்பட்ட அன்று, அந்தக் கயிற்றுக் கட்டிலின் அருகே, அது நம் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஆண்டு நாம் வேறு பங்குக்கு மாற்றலாகிச் சென்றோம். அந்த மூதாட்டி இறந்த செய்தி பின்னர்க் கிடைத்தது. சொல்ல வேண்டியதைச் சொல்ல நமக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. கொரோனாக் காலத்தில் யாரால் நோய் வந்தது, யார் வீட்டுக்குத் தகரம் அடிப்பது என்று ஊர்கள் பேசிக்கொண்டபோது, அவர் குரலே நம் செவியில் ஒலித்தது. இனி ஒரு நோய் வரும், வராமல் இராது. அன்று, ‘யார் செய்த குற்றம்’ என்று கேட்குமுன், ‘அந்த வீட்டில் என்ன இருந்தது’ என்று கேட்பவர் ஒருவராவது ஒவ்வோர் ஊரிலும் இருப்பாராக. அம்மா, உங்கள் தாய் செய்தது பாவம் அன்று.